நேற்றுப் படகு ஓடவில்லை

தம்பி,

ஞாயிற்றுக்கிழமை காலை பெட்டிகளை வாடகை வானில் ஏற்றிக்கொண்டு கொழும்புக்குப் போனாய். பின்னேரம், சொந்தக்காரர் எல்லோரும் இருக்கிற வட்ஸ்அப் குழுவில் ஒன்றை எழுதிப் போட்டாய். "பெத்த தாயே காட்டிக்குடுத்த பிறகு ஊரில இருந்து என்ன பிரயோசனம்" என்று. கனடாவில் இருக்கிற உன் சித்தி அழுகிற படம் போட்டாள். சுவிஸில் இருக்கிற பெரியப்பா "தாய்க்கு வயசு போட்டுது, விடு தம்பி" என்று ஆறுதல் சொன்னார். வயது போனது உண்மைதான். ஆனால் வாசிக்க எனக்குக் கண் தெரிகிறது, எழுதக் கையும் இருக்கிறது. ஆகவே இதையும் அதே குழுவில்தான் போடப்போகிறேன். எல்லோருக்கும் முன்னால் நீ கேட்டதற்கு எல்லோருக்கும் முன்னால் பதில் சொல்வதுதானே முறை. சித்தி இன்னொரு அழுகைப் படத்தைத் தயாராக வைத்திருக்கட்டும்.

அவர்களுக்கு விசயம் முழுதாகத் தெரியாது. நீ பாதியைத்தான் சொன்னாய், அதுவும் உனக்கு வசதியான பாதியை. ஊர்காவற்றுறை றோட்டில் டொக்ரராக இருந்த உன் அப்பா தொடங்கி, அவருக்குப் பிறகு நீ நடத்திய எங்கள் டிஸ்பென்சரிக்குக் காப்புறுதிக் கொம்பனியில் இருந்து ஆட்கள் வந்தார்கள். ரீச்சர்மார், வங்கியில் வேலை செய்கிறவர்கள் என்று மாதச் சம்பளம் எடுக்கிற குடும்பங்கள் எங்களிடம் மருந்தெடுத்தால் அந்தக் கொம்பனி செலவைத் தரும். தந்ததெல்லாம் நியாயமாகத் தந்ததுதானா என்று பார்க்க வந்தார்கள். நியாயமில்லாதது கிடந்தது. யார் செய்தது என்று கேட்டார்கள். நீ மங்கையைக் காட்டினாய். எங்களிடம் இத்தனை வருசமாக மருந்து கட்டிக் கொடுத்து, மருந்துத் துண்டு எழுதி, உன் அப்பாவின் சத்தி வாந்தியைக்கூடக் கையால் துடைத்த மங்கையை. நான் வாய் திறந்து ஒரேயொரு வசனம் சொன்னேன். அவள் தப்பினாள், நீ அகப்பட்டாய். நான் உன்னைக் காட்டிக்கொடுத்த கதை இவ்வளவுதான். மிச்சம் உனக்காக எழுதுகிறேன்.

காற்று எழும்பினால் கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற எழுவைதீவுக்குப் படகு ஓடாது. இது உனக்கும் எனக்கும் புதினமில்லை. அங்கே இருக்கிறவர்களுக்கும் நோய் வருத்தம் வரும், காற்று நிற்கும்வரை அது காத்திருக்காது. ஆகவே அவர்கள் போன் எடுப்பார்கள். உன் அப்பா போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, "எங்க, ஒருக்கா இருமுங்கோ பாப்பம்" என்பார். இருமலைக் கேட்டே பாதியைச் சொல்லிவிடுவார். நீ சின்னப்பொடியனாக அவருடைய கதிரைக்குக் கீழே இருந்து விளையாட்டுப் போனைக் காதில் வைத்து, "இருமுங்கோ, இன்னும் பலமா இருமுங்கோ" என்று எங்கள் நாயைக் கேட்பாய். சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு நோகும். அப்பா அந்த ஆட்களின் நோய் விபரம் எழுதுகிற மட்டையில் 'கடல் குழப்பம், போனில் கேட்டது' என்று எழுதுவார். கடல் அடங்கின பிறகு படகில் மருந்து போகும். மருந்தைக் கொண்டுபோவது மங்கை. அவளுடைய வீடு எழுவைதீவு, கிழமை நாட்களில் எங்களோடு நின்று, சனிக்கிழமை போவாள்.

அப்பா போன பிறகு நீ வந்தாய். நீ வந்தபோது நான் பட்ட சந்தோசத்தை நான் மறைக்கவில்லை. கொழும்பில் படித்த டொக்ரர், தீவுக்குத் திரும்பி வந்த டொக்ரர், என் பிள்ளை. இதயத் துடிப்புப் பார்க்கிற மெசின் வாங்கினாய், சுவருக்கு வெள்ளை அடித்தாய், நம்பர்த் துண்டு கொடுத்து ஆட்களை வரிசையில் இருத்தினாய், காப்புறுதிக் கொம்பனியோடு பேசி எங்களை அவர்களுடைய பட்டியலில் சேர்த்தாய். நல்ல காரியம். யாழ்ப்பாணம் போகிற பஸ்ஸில் நின்றுகொண்டு போகிற ரீச்சர்மாருக்குக் கால் நோவு மிச்சம். ஆனால் கொம்பனியின் சட்டம், ஆள் நேரில் வந்து காட்டினால்தான் தருவோம் என்பது. கொம்பியூட்டரில் 'நேரில் வந்தார்' என்று போட்டால்தான் கொம்பனிக்கு அனுப்புகிற துண்டு வெளியே வரும். முதல்தரம் ஒரு காற்று நாளில் மங்கை உன்னிடம் கேட்டாள், நான் பக்கத்தில் நின்றேன்.

"டொக்ரர், இவை போன்ல கேட்டவை. என்னெண்டு போடுறது?"

"வந்தவை எண்டு போடும். கொழும்பில இருக்கிறவனுக்கு எழுவைதீவுக் காத்து தெரியப்போகுதோ?"

நீ சிரித்தாய். அவளும் சிரித்தாள். நானும்தான். எனக்கு அது பகிடியாகத்தான் பட்டது. கடல் என்பது எங்களுக்கு முன்னால் கிடக்கிற சாமான், அதைக் கடதாசியில் எழுதவேண்டும் என்று எங்கள் ஒருவருக்கும் தோன்றவில்லை. அந்தச் சிரிப்போடு அது பழக்கமாகிப் போயிற்று. கொம்பியூட்டர் காலையில் மங்கையின் பெயரில் திறக்கும், பொழுதுபட மூடும். நடுவில் நீ தட்டினாலும் அவள் பெயர்தான், நான் தட்டினாலும் அவள் பெயர்தான். யாருக்கு அது அப்போது பெரிய விசயம்?

பிறகு கொம்பனி, இன்ன கிழமை வருகிறோம் என்று அறிவித்தது. நாங்கள் ஆயத்தமானதை இப்போது நினைத்தாலும் எனக்கு நெஞ்சு எரிகிறது, ஏனென்றால் அந்த நாட்களில் நான் மிகச் சந்தோசமாக இருந்தேன். காலம் முடிந்த மருந்துகளை அலுமாரியில் இருந்து பொறுக்கி எறிந்தேன். படுக்கைக்குப் புது றெக்சின் போட்டோம். உன் பதிவுச் சான்றிதழைக் கண்ணாடிச் சட்டம் துடைத்து நேராகக் கொழுவினோம். மங்கை நிலத்தில் சப்பாணி கட்டியிருந்து, வருத்தக்காரரின் மட்டைகளைத் திகதிப்படி அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் உரிய துண்டின் பிரதியைத் தேடித் தேடி ஒட்டினாள். நான் பசைக்கு மாக் காய்ச்சிக் கொடுத்தேன், வாங்கின பசை முடிந்துபோனதால். கலியாண வீடு மாதிரி இருந்தது. நீ ஒருநாள் விடிய எழும்பி, படகு ஓடுமோ என்று குறிகட்டுவான் இறங்குதுறைக்குப் போன் எடுத்து விசாரித்துவிட்டு, நயினாதீவு அம்மாளுக்கு அர்ச்சனை செய்யப் போனாய். அம்மாளிடம் போவதற்குப் படகு ஓடுமோ என்று விசாரித்த என் பிள்ளைக்கு, மட்டையில் கிடக்கிற எழுவைதீவு ஆட்கள் எந்தப் படகில் வந்தார்கள் என்ற கேள்வி வரும் என்று மட்டும் தோன்றவில்லை.

இல்லை, தோன்றியது. எனக்குத்தான் தெரியாமல் இருந்தது. அன்றைக்கு நான் குசினியில் புட்டு அவித்துக்கொண்டிருந்தேன். நீ முன்னறையில் மங்கையோடு கதைத்தது கேட்டது.

"கேட்டினமெண்டா, நான் தெரியாத்தனமாப் போட்டிட்டன், டொக்ரருக்குத் தெரியாது எண்டு சொல்லும். உமக்கு ஒண்டும் செய்யமாட்டினம். எனக்கெண்டா பதிவே போயிடும்."

"எனக்கு ஆஸ்பத்திரி இன்ரவியூ வருதெல்லோ, டொக்ரர். பொலிசுக்கு எழுதிக் கிழுதிப் போட்டினமெண்டா?"

"அதெல்லாம் நான் பாப்பன். எங்களை விட்டா உமக்கு ஆர் இருக்கினம்?"

கொஞ்சநேரம் சத்தமில்லை. பிறகு அவள், "ஓம் டொக்ரர்" என்றாள்.

புட்டுப்பானை கொதித்து அடுப்பில் ஊற்றிவிட்டது. நான் வெளியே வந்தபோது அவள் மட்டைகளுக்குப் பசை பூசிக்கொண்டிருந்தாள், தலை நிமிரவில்லை. அரசாங்க ஆஸ்பத்திரியில் உதவியாளர் வேலைக்கு அவள் எத்தனை முறை விண்ணப்பித்து, எத்தனை முறை பெயர் வராமல் விட்டது என்று உனக்குத் தெரியும். வயதெல்லை தாண்டுவதற்கு முன் இதுதான் கடைசித் தரம். காப்புறுதியில் களவெடுத்தவள் என்று ஒரு பெயர் வந்தால் அந்த வேலை மட்டுமில்லை, எழுவைதீவில் அவள் முகம் காட்ட ஏலாது. அவளுக்குக் காணி இல்லை, வெளிநாட்டில் சகோதரம் இல்லை, புருசன் விட்டுப்போன மனிசி. அவளிடம் இருந்தது மங்கை நேர்மையானவள் என்கிற பெயர் ஒன்றுதான். நீ அதைத்தான் கேட்டாய். அதுவும், எப்படிக் கேட்டாய்? வேலையாளைக் கூப்பிடுகிற மாதிரி 'நீர்' என்று. ஐந்தாம் வகுப்புச் சோதனைக்குப் படிக்கிறபோது அவள் மடியில் கால் போட்டுக்கொண்டு "மங்கையக்கா, எனக்கு முட்டை பொரிச்சுத் தாங்கோ" என்று கேட்ட வாய் அது. டொக்ரர் ஆன பிறகு அக்கா எங்கே போனாள் என்று நான் அன்றைக்கே உன்னைக் கேட்டிருக்கலாம்.

அன்று இரவுச் சாப்பாட்டில் நான் கேட்டது வேறு. "எடேய், அவளைப் போட்டு ஏன் இழுக்கிறாய்? நான் சொல்லுறன், ஆள் வரேலாத நாளில போன்ல பாத்தம் எண்டு உள்ளதைச் சொல்லன். மருந்து குடுத்தது உண்மைதானே. எடுத்ததைத் திருப்பிக் குடுத்திட்டு இரு, பதிவுக்கு ஒண்டும் நடக்காது." நீ கையைக் கழுவிக்கொண்டு எழும்பினாய். "அம்மா, நீங்கள் அந்தக்காலத்து மிஸி. இதுக்குள்ள வராதேங்கோ." ஓம், நான் அந்தக்காலத்து மிஸிதான். ஆஸ்பத்திரியில் முப்பது வருசம் தாதியாக வெள்ளைச் சட்டை போட்டவள். மருந்தைப் பிழையாகக் கொடுத்துவிட்டுக் கூட்டுகிறவளின் தலையில் கட்டிவிடுகிற டொக்ரர்மாரை நான் நிறையவே பார்த்திருக்கிறேன். அவர்களில் ஒருவனை நான் பெறவில்லை என்றுதான் நினைத்திருந்தேன்.

அடுத்தநாள் நீ யோசனையை மாற்றினாய். மங்கை ஆட்களுக்கு முன்னால் அழுதுபோடுவாள், ஆகவே அவள் நிற்கவே கூடாது என்று அவளை வீட்டுக்குப் போகச் சொன்னாய். அவள் பின்னேரப் படகில் போனாள். அந்த இரவே சோளகக் காற்று எழும்பியது. விடிய, கூரைத் தகரம் அடிக்கிற சத்தத்தில்தான் நான் எழும்பினேன். அன்றைக்குப் படகு ஓடவில்லை. மங்கை இல்லாததால் நீயே மருந்தும் கொடுத்தாய், போனும் எடுத்தாய், கொம்பியூட்டரையும் அவள் பெயரிலேயே திறந்து தட்டினாய். எழுவைதீவில் இருந்து மூன்று பேர் போனில் கேட்டார்கள். உன் விரல் பழக்கத்தில் மூன்று பேரையும் 'நேரில் வந்தார்' என்று போட்டது. கொம்பனி ஆட்கள் விடிந்தால் வரப்போகிறார்கள் என்று தெரிந்த நாளில், ராசா. அந்த அளவுக்கு அது உன் கையில் ஊறிக் கிடந்தது.

உனக்குத் தெரியாதது, கொம்பனி ஆட்களில் ஒரு பொடியன் அன்றைக்கே ஊர்காவற்றுறைக்கு வந்துவிட்டான் என்பது. மட்டக்களப்புப் பொடியன், உன்னைவிட இளமை. எழுவைதீவில் இருக்கிற வருத்தக்காரர் சிலரை நேரில் கண்டு கேட்டுவிட்டு வரலாம் என்று இறங்குதுறைக்குப் போயிருக்கிறான். படகு இல்லை. தேத்தண்ணிக் கடையில் மத்தியானம்வரை காத்திருந்திருக்கிறான். கடையில் நின்றவர்கள் "தம்பி, இண்டைக்கு ஆரும் வரவும் ஏலாது, போகவும் ஏலாது, றூமுக்குப் போய்ப் படுங்கோ" என்று அனுப்பியிருக்கிறார்கள். எழுவைதீவுக் காற்றைக் கொழும்பில் இருக்கிறவனுக்குத் தெரியாதென்று சிரித்தோமே, அது அவனுடைய சட்டையையே அடித்துக் காட்டிவிட்டது.

அடுத்தநாள் அவன் மரியாதையாகத்தான் இருந்தான். மட்டைகளைப் பார்த்தான், "நல்ல துப்புரவா வச்சிருக்கீங்க" என்றான். நான் பால் தேத்தண்ணி கொடுத்தேன். கொம்பியூட்டரைக் கேட்டான், முதல்நாள் பக்கத்தைத் திறந்தான். பிறகு, சத்தம் போடாமல், உன்னைக் கேட்டான்.

"டொக்டர், நேத்து எழுவைதீவுல இருந்து மூணு பேர் வந்து காட்டினதா இருக்கு. எப்பிடி வந்தவங்க?"

அந்த இடத்தில் நீ உண்மையைச் சொல்லியிருந்தால், தம்பி, நானே அவனுடைய காலில் விழுந்திருப்பேன். பெற்ற தாய் அதற்குத்தானே. நீ சொன்னாய், "அது எங்கட வேலையாள். அவதான் எல்லாம் பதியிறவ. எனக்குத் தெரியாம இப்பிடிச் செய்துகொண்டு வந்திருக்கிறா. நேற்றுவரைக்கும் செய்திருக்கிறா பாருங்கோ. நீங்கள் வாறது தெரிஞ்சுதான் இண்டைக்கு வரேல்லை." அவன் திரையைப் பார்த்தான். எல்லாவற்றிலும் அவள் பெயர்தான் கிடந்தது. பேனையை எடுத்து அவளுடைய முழுப்பெயரையும் எழுதினான். எழுதிவிட்டு என் பக்கம் திரும்பினான்.

"நேத்து அவ வேலைக்கு வந்தவவா, அம்மா?"

நீ என்னைப் பார்த்தாய். அந்தப் பார்வையை எனக்குத் தெரியும். அப்பாவின் செத்தவீட்டிலும் அப்படித்தான் பார்த்தாய். அப்பா கிடையில் கிடந்த காலம் முழுக்க நீ கொழும்பில் இருந்து பின்னேரம் பின்னேரம் போன் எடுத்தாய். இங்கே அவரைத் திருப்பிப் போட்டது மங்கை, புண்ணுக்கு மருந்து கட்டியது மங்கை. செத்தவீட்டுக்கு வந்தவர்களுக்கு நீ, "கடைசிவரைக்கும் அப்பாவை நான்தான் பாத்தனான்" என்று சொன்னாய். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாய். நான் தலையாட்டினேன். மங்கை தேத்தண்ணித் தட்டோடு பக்கத்தில் நின்றாள், கேட்டும் கேளாதவள் மாதிரி அடுத்தவருக்குக் கொண்டுபோனாள். பிள்ளை துக்கத்தில் சொல்கிறான் என்று நினைத்தேன். இந்தமுறை எனக்குத் தலை ஆடவில்லை.

"இல்லை. அவள் எழுவைதீவில நிக்கிறாள், நேற்றுப் படகு ஓடேல்லை" என்றேன்.

அவ்வளவுதான், சித்தி. அவ்வளவுதான், சுவிஸில் இருக்கிற அத்தான். நான் பொலிசுக்குப் போகவில்லை, பெட்டிசம் எழுதவில்லை. காற்றடித்ததைக் காற்றடித்தது என்று சொன்னேன். அந்தப் பொடியன் தான் எழுதிய பெயரைப் பேனையால் குறுக்கே வெட்டினான். அதைப் பார்த்துக்கொண்டு நின்ற எனக்கு மூச்சு வந்தது, பக்கத்தில் நின்ற உனக்கு மூச்சு நின்றது. பிறகு கொம்பனி எங்களைப் பட்டியலில் இருந்து தூக்கியது, எடுத்ததைத் திருப்பிக் கட்டு, மேலே போகமாட்டோம் என்றது. உன் பதிவுக்கு ஒன்றும் நடக்கவில்லை. நடக்காது என்று நான் அன்றைக்குச் சாப்பாட்டில் சொன்னதுதான். நீதான் வெட்கம் தாங்காமல் டிஸ்பென்சரியைப் பூட்டினாய். ஆனால் ஊருக்கு, பூட்டினது நான்.

எனக்கு யாரும் மாலை போடவில்லை. நாரந்தனைச் சந்தையில் என்னைக் கண்டால் ரீச்சர்மார் மற்றப் பக்கம் திரும்புகிறார்கள், இனி அவர்கள் மருந்துக்கு யாழ்ப்பாணம் போகவேண்டும். மங்கையாவது வந்து என் கையைப் பிடிப்பாள் என்று நினைத்தேன். வந்தாள்தான், தன் உடுப்புகளை எடுக்க. "ஏன் அக்கா சொன்னனீங்கள்? பழியை நான் ஏத்திருப்பனே. எங்கட சனத்துக்கு இருந்த ஒரு டொக்ரரும் இல்லாமப் போயிட்டார்" என்று என்னிலேயே கோபித்தாள். நீ செய்ததற்கு அவள் உன்னில் கோபிக்கவில்லை, கேள். வாசலில் நின்று, "டொக்ரர் சாப்பிட்டவரோ?" என்று கேட்டுவிட்டுத்தான் போனாள். நீ அறைக்குள் இருந்தாய், வெளியே வரவில்லை. இன்ரவியூ நல்லமாதிரி நடந்ததாம், வேறு ஆள் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

கொழும்பில் பெரிய ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்திருக்கிறது. சந்தோசம். அங்கேயும் காப்புறுதி இருக்கும், அங்கேயும் பார்க்க ஆட்கள் வருவார்கள். புத்தி சொல்லச் சொல்லி நீ கேட்கவில்லை, ஆனாலும் தாய் வாய் சும்மா இராது. காலையில் உன் பெயரில் கொம்பியூட்டரைத் திற. உன் கை தட்டியதற்கு உன் பெயர் கிடக்கட்டும். "ஓம் டொக்ரர்" என்று உடனே சொல்கிற ஒருத்தியை அங்கேயும் நீ காண்பாய், எல்லா ஆஸ்பத்திரியிலும் இருப்பாள். அவள் ஓம் என்று சொல்வதற்கு முன் கொஞ்சநேரம் சத்தமில்லாமல் நின்றாள் என்றால், அந்தச் சத்தமில்லாததைக் கேள். உன் அப்பா போனில் இருமலைக் கேட்டாரே, அவ்வளவு கவனமாகக் கேள்.

இன்றைக்கும் இங்கே காற்று. டிஸ்பென்சரிப் போனை நீ கழற்ற மறந்துவிட்டாய், அது அடித்தது. எழுவைதீவில் ஒரு தாய். பிள்ளைக்குக் காய்ச்சலாம், "டொக்ரர் நிக்கிறாரோ, மிஸி?" என்றாள். போய்விட்டார் என்றேன். பிள்ளை தண்ணீர் குடிக்கிறதா, மூச்சு எப்படி என்று கேட்டேன், ஈரத்துணியால் துடைக்கச் சொன்னேன், கடல் அடங்கின உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோ என்றேன். அவள் கனநேரம் போனை வைக்கவில்லை. எனக்கும் வைக்க மனம் வரவில்லை.

உன் கோபம் ஒருநாள் ஆறும். நீயும் பின்னேரம் பின்னேரம் போன் எடுப்பாய். எடு, நான் கதைப்பேன். சாப்பிட்டாயோ என்று நான் கேட்பேன், பிரசர்க் குளிசை போட்டீங்களோ என்று நீ கேள். ஆனால் நாளைக்கு நான் கிடையில் விழுந்து, பார்க்க வருகிறவர்கள் "மகன் வந்து பாத்தவரோ?" என்று கேட்டால், இல்லை, போனில் கேட்டவன் என்றுதான் சொல்லுவேன்.

அம்மா